பிரதிவாதியாகிய பெரியப்பாவுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
14 செப்டம்பர்

பெருமதிப்புக்குரிய பெரியப்பா திரு. கார்த்திகேசு அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் தனுஜா பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். என் வலது கை மட்டும் விதிவிலக்கு. அங்கே உங்கள் ரத்த அழுத்தமும், பெரியம்மாவின் முழங்காலும், நீங்கள் ஓட்டும் பழைய சாகா காடியும் அவரவர் அளவில் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்துகள் சாய்ந்து விழுவதற்கு அதுதான் காரணம். பெரியவர்களுக்கு இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்று தெரியும். வேறு கை இல்லாததால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிறு காலை, டத்தோ கெராமாட் சாலையில், பூக்கடைக்கு எதிரே தார்ச்சாலையில் கிடந்தபோது ‘வலிக்கிறது’ என்று நான் சொல்லவில்லை. ‘கதவைத் திறந்தது நீங்கள்தான்’ என்று சொல்லவில்லை. ‘என் கையைப் பாருங்கள், அது போகக் கூடாத பக்கம் போயிருக்கிறது’ என்றும் சொல்லவில்லை. அதைப் பூக்கடை அக்காதான் சொன்னார். நான் படித்த நாவல்களில் அடிபட்டு விழுகிறவர்கள் நினைவில் நிற்கும்படி ஏதாவது சொல்வார்கள். நான் சொன்னது, “தப்பு என்னுதுதான் பெரியப்பா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க” என்பது. இதை நான் நல்ல மனதால் சொன்னதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. பெரியப்பாவைப் பார்த்து ‘நீங்கள் செய்தது தவறு’ என்று சொல்வதற்கான வாக்கியம் நம் வீட்டில் கிடையாது. இல்லாத வாக்கியத்தை நடுரோட்டில் படுத்துக்கொண்டு உண்டாக்க என்னால் முடியவில்லை. இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், வாக்கியமும் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் வழக்கு என்று வந்தபின் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நீங்களே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். நான் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையில் இரண்டு புத்தகம் வாங்கி, சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையில் கூட்டமில்லை. நீங்கள் பெரியம்மாவுக்குப் பூ வாங்கக் காடியை ஓரமாக நிறுத்தியிருந்தீர்கள். பக்கக் கண்ணாடியில் நான் வருவதைப் பார்த்தீர்கள். இதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது உங்கள் கை, அந்தக் கையில் நான் பூர்த்தி செய்து, திருத்தித் தரச் சொல்லி உங்களிடம் கொடுத்திருந்த என் சேமநிதி வாரிசு பாரம், அதற்குப் பின்னால் உங்கள் குரல்: “தனு, உன் பாரத்துல ரெண்டு எடத்துல...” மீதியை நான் கேட்கவில்லை. கதவு என்னைக் கேட்காமலே நிறுத்திவிட்டது. நான் கதவின் மேலாகப் போய் அந்தப் பக்கம் விழுந்தேன். நீங்கள் இறங்கி வந்து, என்னைப் பார்த்து, பாரத்தைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து, “ஒரு பெல்லு அடிச்சிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டீர்கள். பூக்கடை அக்கா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தோடு ஓடி வந்து, “அண்ணே, பெல்ல அப்பறம் அடிச்சுக்கலாம். பிள்ளைக்குக் கை தொங்குது பாருங்க” என்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தச் சாலையில் நடந்ததை நடந்தபடி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இனி புகார் விஷயம். வழக்கின் உயிர் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. விபத்து நடந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். நம் குடும்பத்தில் எந்தத் தாள் அரசாங்கத்துக்குப் போனாலும் அது உங்கள் பேனா வழியாகத்தான் போகும் என்பது அதைவிடப் பழைய சட்டம். என் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட மாற்றுக் கடிதம், தண்ணீர் வரவில்லை என்று அப்பா கொடுத்த புகார், சித்தப்பா மகன் ஷர்வின் அண்ணனின் விவாகரத்துக்கு முன்பும் பின்பும் போன எல்லாக் கடிதங்களும் நீங்கள் எழுதியவை. துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சரக்குச் சேதப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? அதனால், என்னை இடித்தது நீங்கள்தான் என்பதோ, இடிபட்டது நான்தான் என்பதோ அன்று ஒருவருக்கும் தடையாகத் தோன்றவில்லை. மருத்துவமனை பெஞ்சில் என் இடது பக்கம் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, என் புகாருக்கு நீங்களே வரைவு எழுதத் தொடங்கினீர்கள். எனக்கு அப்போதுதான் வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். உலகமே நல்லவர்களால் ஆனதாகத் தெரிந்தது.

“எவ்ளோ ஸ்பீட்ல வந்த?” என்று கேட்டீர்கள்.

“தெரியல பெரியப்பா. சைக்கிள்ல மீட்டர் கிடையாது.”

“தெரியலன்னு எழுதுனா திருப்பி அனுப்பிருவாங்கம்மா. வேகமாதான வந்த?”

“மெதுவா வந்த மாதிரிதான் ஞாபகம்.”

“மெதுவா வந்தா கை ஒடியுமா?”

ஊசி போட்ட நிலையில் அது நல்ல கேள்வியாகத் தோன்றியது. ஊசி இல்லாமலும் அது நல்ல கேள்வியாகத்தான் தோன்றியிருக்கும். ‘தகாத வேகம்’ என்று எழுதினீர்கள். பெல் அடித்தேனா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். “அது போதும்” என்றீர்கள். உங்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பெட்டி உடைந்து இறங்கினால் ‘காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, விட்டால் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப அன்று பெஞ்சில் இரண்டு பேர் இருந்தோம். பேனா உங்கள் கையில் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை போலீஸ் பாலாயில், கார்ப்பரல் இக்மல் தட்டச்சு செய்ய, நீங்கள் நோட்டைப் பார்த்து மலாயில் வாசித்தீர்கள். அந்த அறிக்கையின் பிரதி இப்போது என் முன்னால் இருக்கிறது. சைக்கிள்: சிவப்பு, பழையது. ஓட்டியவர்: கவனச் சிதறல் உள்ளவர், கூடையில் புத்தகங்கள். வெளிப்புறச் சேதம்: வலது மணிக்கட்டு. உட்புறச் சேதம்: இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. காரணம்: மேற்படி ஓட்டியவர். கார்ப்பரல் இக்மல் தட்டச்சை நிறுத்தி, தன் தவறை இவ்வளவு தெளிவாகத் தானே ஒப்புக்கொள்ளும் புகாரைத் தன் சேவையில் பார்த்ததில்லை என்றும், மலாய் மிகவும் அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். நீங்கள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டீர்கள். பிறகு உங்கள் சொந்தப் புகாரை வாசித்தீர்கள். அதில் ‘நின்றுகொண்டிருந்த வாகனம் ஒன்று சைக்கிளால் மோதப்பட்டது’ என்று இருந்தது. கதவு என்ற சொல்லே அதில் இல்லை. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் எனக்கு மைலோ ஐஸ் வாங்கி, உறிஞ்சுகுழலை நீங்களே வளைத்துக் கொடுத்தீர்கள். அந்த நாளைப் பற்றி எனக்கு இருக்கும் நல்ல நினைவு அதுதான். அது கெட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கை மட்டும் வாயை மூடிக்கொள்ளவில்லை. மணிக்கட்டில் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரலை இழுக்கும் நரம்பு எங்கோ சிக்கிக் கிடக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்க்கின்றன, தொட மறுக்கின்றன. என் வேலை உங்களுக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்கு அடியில், இடுக்கியால், எறும்பைவிடச் சின்னப் பாகங்களைப் பலகையில் உட்கார வைப்பது. கட்டைவிரல் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. இப்போது லேபிள் ஒட்டும் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் பழைய இருக்கைக்குத் திரும்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதை மரியாதையாகத்தான் சொன்னார். இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் விரல் திரும்பும் என்கிறார் மருத்துவர். அரசு மருத்துவமனையில் அடுத்த ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஜூனுக்கு முன்னால் வேண்டுமென்றால் தனியாரில் செய்ய வேண்டும், அந்தச் செலவு என் ஏழு மாதச் சம்பளம். நான் நஷ்ட ஈடு கேட்பது இதற்காக மட்டும்தான். இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் வாக்கியம் கிடைக்கவில்லை.

வக்கீலிடம் போனது ஜூன் மாதம். வக்கீல் ஹன்னா எப்போதும் நீதிமன்றத்தில் இருப்பவர். லெபோ பந்தாய் தெருவில் இருக்கும் அலுவலகத்தை நடத்துவது தலைமைக் குமாஸ்தா நூர் முகம்மது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் புகாரை இரண்டு முறை படித்தார்.

“ஏம்மா, இத எழுதிக் கொடுத்தது யாரு? எதிர்த்தரப்பு வக்கீலா?”

“இல்லண்ணே. எதிர்த்தரப்பு.”

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். “ஒங்கள இடிச்சவரா ஒங்க ரிப்போட்ட எழுதுனாரு?”

“எங்க பெரியப்பாண்ணே.”

“முப்பது வருசமா இந்த நாற்காலில இருக்கேன். இடிச்சிட்டு ஓடுனவனப் பாத்திருக்கேன், இடிச்சிட்டு அழுதவனப் பாத்திருக்கேன். கூட வந்து எழுதிக் கொடுத்தவர இப்பதான் பாக்குறேன். அவரு இப்ப எங்கயாச்சும் வேல செய்றாரா?”

“ரிட்டயர்ட் ஆயிட்டாரு.”

“கேஸ் முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. இங்க ஒரு ஆள் வேணும்லா.”

பிறகு விஷயத்தை விளக்கினார். வழக்கில் பெயர்தான் உங்களுடையது, கொடுக்கப் போவது இன்ஷூரன்ஸ் நிறுவனம். உங்கள் பையிலிருந்து ஒரு சென்கூட வெளியே வராது. ஆனால் தாளில் உங்கள் பெயர் இல்லாமல் நிறுவனத்தைத் தொட முடியாது. என் புகாரே எனக்கு எதிராக இருப்பதால், நீங்கள் மறுபடியும் பாலாய்க்குப் போய், ‘நான்தான் கதவைத் திறந்தேன்’ என்று இரண்டாவது புகார் ஒன்று கொடுத்தால் வழக்கு நிற்கும். கொடுக்காவிட்டால் படுத்துவிடும். இதைக் கேட்டபோதுதான், நீங்கள் என்னைக் கண்ணாடியில் பார்த்த பிறகே கதவைத் திறந்தீர்கள் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பாக்காம தொறந்தா கவனக்குறைவு. பாத்துட்டுத் தொறந்தா அதுக்குப் பேரு வேற, இன்ஷூரன்ஸ்காரன் குடுக்க மாட்டான். ஒங்க பெரியப்பாவா இருக்கறதால அந்தப் பேர நான் சொல்லல.” கூப்பிடத்தான் திறந்தார், பாசத்தில் திறந்தார் என்றேன். “பாசத்துக்குப் பாலிசில எடம் இல்லம்மா” என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். நீங்கள் அண்ணன், அவர் தம்பி; ஐம்பத்தெட்டு வயதிலும் உங்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டார். “அண்ணன் மேலயா கேஸு? வேற யாரு மேலயாச்சும் போட முடியாதாம்மா?” என்றார். வேறு யாரும் என்னை இடிக்கவில்லை என்றேன். “கொஞ்சம் யோசிச்சுப் பாரு” என்றார், முயன்றால் யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள் என்பது போல.

வக்கீல் நோட்டீஸ் உங்களுக்கு வந்ததும், ஒரு வாரத்தில் அது அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும் நம் இருவருக்கும் தெரியும். பதில் வரவில்லை, நோட்டீசே வந்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு. பதினோரு பிழைகள். ஓரத்தில், ‘கவனக்குறைவு என்ற சொல் ஒரே பக்கத்தில் ஏழு முறை வருகிறது, ஒரு முறை சொன்னாலே புரியும்’ என்று குறிப்பு. நூர் முகம்மது அதைக் கோப்பில் வைக்கவில்லை, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்துச் சிரித்தபோது, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகஸ்டில் நீதிமன்றச் சம்மன் உங்கள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினீர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு நீங்கள் அனுப்பும் வானிலை அறிவிப்பு இல்லாமல் இருபத்து மூன்று பேர் நனைந்துகொண்டிருக்கிறோம். நிபோங் திபாலில் ஷர்வின் அண்ணனின் இரண்டாவது நிச்சயதார்த்தத்தில், சாப்பாட்டுப் பந்தியில் தெரியாமல் உங்களுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். எழுந்தீர்கள். ரசம் ஊற்றிய இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனீர்கள். ரசம் வழியில் யாருடைய வேட்டியில் இறங்கியது என்பதை நான் எழுதவில்லை; பெண் வீட்டிலேயே அதற்கென்று ஒரு பேச்சு ஓடுகிறது. வியாழக்கிழமைதோறும் பெரியம்மா மட்டும் வருகிறார். மீன் குழம்புப் பாத்திரத்தை மேசையில் வைத்து, “இத யாரும் கொடுத்து விடல. சும்மா வந்துச்சு” என்கிறார். பெரியப்பா கோபமா இருக்காரா என்று கேட்டால், “பேசக் கூடாதுங்கறாரு. நான் என்னத்தக் கண்டேன்” என்று பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

பெரியப்பா, உங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். விபத்தே இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸில் ஐம்பத்தைந்து விழுக்காடு தள்ளுபடி; அதற்கு மேல் எவருக்கும் கிடையாது. தீபாவளி விருந்துகளில் பிள்ளைகளின் பரீட்சை மதிப்பெண் பேச்சு வரும்போதெல்லாம், “எனக்கு அம்பத்தஞ்சு, முப்பது வருசமா” என்று நீங்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஐம்பத்தைந்து என்பது சுமாரான மதிப்பெண் என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இந்த வழக்கில் அது போய்விடும். அதன் மதிப்பு பணத்தில் இல்லை என்று எனக்குப் புரிகிறது. ஒரு மனிதர் முப்பது ஆண்டுகளாக யாரையும் இடிக்கவில்லை என்பதற்கு வேறு யாரும் சான்றிதழ் தருவதில்லை. ஆனாலும் நான் பின்வாங்கப் போவதில்லை. நான் உங்கள் மேல் வைத்திருக்கும் மரியாதை, என் கட்டைவிரலை விலையாகக் கேட்கும் அளவுக்குச் சின்னதில்லை. அது அதையும் தாண்டி நிற்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.

ஆகவே, எனக்குக் கிடைத்த அந்த வாக்கியத்தை இங்கே எழுதுகிறேன்: கதவைத் திறந்தது நீங்கள், பெரியப்பா. தவறு உங்களுடையது. எழுதிப் பார்த்தேன், வீடு இடிந்து விழவில்லை, அடுத்த அறையில் அம்மா துணி மடித்துக்கொண்டுதான் இருக்கிறார். நீங்களும் இதை எழுத வேண்டும் என்று கேட்கிறேன். உங்கள் வேலையைச் சுலபமாக்க, உங்கள் நடையிலேயே ஒரு வரைவு தயாரித்திருக்கிறேன். வாகனம்: நின்றுகொண்டிருந்தது. கதவு: நின்றுகொண்டிருக்கவில்லை. திறந்தவர்: கீழே கையெழுத்திட்டவர். சேதம்: முன்பு அறிவித்தபடி. கண்ணாடியில் என்னைப் பார்த்ததை எழுதுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். அதை உங்கள் சார்பில் நான் எழுதினால், என் சார்பில் நீங்கள் எழுதிய கதையாகிவிடும். வரைவில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நவம்பர் நான்காம் தேதி வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. அதற்கு முன்னால் நீங்கள் பாலாய்க்குப் போனால் போதும். கூட வரச் சொன்னால் வருகிறேன். அன்றைக்கு நீங்கள் என்னோடு வந்தீர்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. குழம்பில் போன வாரம் புளி சரியாக இருந்தது என்று ‘சும்மா’ சொல்லிவிடவும். சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது என் விரலையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நூறு வயதுவரை காடி ஓட்ட வேண்டும் என்றும், இறங்கும்போது பின்னால் பார்க்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு,

உங்கள் தம்பி மகளும், வழக்கில் வாதியுமான
தனுஜா

பி.கு.: 29 செப்டம்பர். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கவில்லை. உறையைப் பிரிக்காமலே வக்கீல் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டீர்கள், பதிவுத் தபாலில், ஒரு முகப்புக் கடிதத்தோடு. நூர் முகம்மது அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்தார். நடுவில் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். ‘வழக்கு நிலுவையில் இருக்கும் காலத்தில் பிரதிவாதி வாதியுடன் பேசுவதோ, கடிதம் பெறுவதோ முறையன்று என்பதால் இணைப்பில் உள்ள உறை திருப்பி அனுப்பப்படுகிறது. வாதிக்குப் பாதகம் வரக் கூடாதென, வாதி இருக்கும் இடங்களிலிருந்தும், வாதி உறுப்பினராக உள்ள தொலைபேசிக் குழுவிலிருந்தும் பிரதிவாதி விலகியிருக்கிறார். வாதியின் கை நிலவரத்தை மூன்றாம் நபர் ஒருவர் வியாழக்கிழமைதோறும் பிரதிவாதிக்குத் தெரிவித்து வருகிறார்.’ உங்களுக்குக் கோபமே இல்லை, பெரியப்பா. விதி இருந்திருக்கிறது. அதுவும் அப்படி ஒரு விதியே கிடையாது என்கிறார் வக்கீல் ஹன்னா. உறவினர்கள் வழக்குப் போட்டுக்கொண்டு ஒரே காடியில் நீதிமன்றத்துக்கு வருவதை அவர் மாதம் ஒருமுறை பார்க்கிறாராம்.

முகப்புக் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. உங்கள் இரண்டாவது புகார். தேதி ஆகஸ்ட் ஆறு. சம்மன் கிடைத்த மறுநாள். ‘நகல் கேட்டு எவரும் விண்ணப்பிக்காததால் இதுவரை அனுப்பப்படவில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நூர் முகம்மதிடமிருந்து வாங்கி வந்து நானே படித்தேன். ‘பக்கக் கண்ணாடியில் என் தம்பி மகள் சைக்கிளில் வருவதைக் கண்டேன். கண்ட சந்தோஷத்தில் கதவைத் திறந்தேன். சைக்கிளுக்கு நிற்க இடம் வேண்டும் என்பது என் நினைவில் இல்லை. அவருடைய புகாரையும் நானே எழுதினேன். அது அவர் சொன்னதல்ல. தவறு முழுவதும் என்னுடையது.’ மேலே நான் மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. என் வரைவைவிட உங்களுடையது நன்றாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 20. ‘என் நினைவில் இல்லை’ என்ற உங்கள் வரியைக் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் நிறுவனம் விசாரணைக்கு முன்பே ஒத்துக்கொண்டது. ஜனவரியில் வழக்கு மூடப்பட்டது. மார்ச் பத்தாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடுகிறது. மே இரண்டாம் தேதி நுண்ணோக்கிப் பிரிவில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு நிலுவையில் இல்லாததால், இந்த உறையை இனி நீங்கள் பிரிக்கலாம்.